முதலில் வெஞ்சனம், சோறு அப்புறம்: எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சியா, முட்டையா, மோரா?

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம். அம்மா விடியக்காலையிலேயே எழுந்து ராகிக் கஞ்சி காய்ச்சி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, பாலும் விட்டு, ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். "வயித்துக்கு இதம்டி, குடி" என்றாள். அக்கா நாலைந்து மடக்கில் குடித்து முடித்தாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. "நெஞ்சு படபடங்குதுடி" என்று என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள். அடுத்த நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். ஒருவழியாக அடங்கியது என்று நினைத்தால், இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்தது. சுகர் மெஷினில் குத்திப் பார்த்தோம், 58. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அன்றைக்கு எங்களுக்கு அதன் பெயர் தெரியாது. டம்பிங் என்கிறார்கள். இனிப்பு கலந்த தண்ணியான சாப்பாடு சின்ன இரைப்பையில் தங்காமல் மொத்தமாகச் சிறுகுடலில் இறங்கிவிடுகிறது. அந்த இனிப்பைக் கரைக்கக் குடல் ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. அதனால்தான் வயிற்றுப் பிடிப்பு, படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வருகின்றன. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது இரண்டாவது வகை. சர்க்கரை சட்டென்று ஏறியதைப் பார்த்து உடம்பு இன்சுலினைக் கொட்டிவிடும், அதில் சர்க்கரை கீழே போய்விடும். கருப்பட்டியா, நாட்டுச் சர்க்கரையா, தேனா, வெள்ளைச் சீனியா என்று குடல் பிரித்துப் பார்ப்பதில்லை. நாங்கள்தான் கருப்பட்டி நல்லது என்று நம்பியிருந்தோம்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சி. காய்ச்சல் என்றாலும் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்கும் கஞ்சி. மதுரைப் பக்கம் எந்த வீட்டிலும் இதுதான் முதல் யோசனை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அந்த யோசனையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றரை வருடம் அக்காவுக்குச் சமைத்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை எழுதுகிறேன். உங்கள் டாக்டரும் டயட்டீஷியனும் வேறு சொன்னால் அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

எந்த ஆபரேஷன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு ஆபரேஷன் நடந்தது, இரண்டும் வேறு வேறு. அக்காவுக்கு பைபாஸ். இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுவார்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிற வாசல் தசை அந்த வழியில் இல்லை. அதனால் டம்பிங் இவர்களுக்குத்தான் அதிகம்.

திருமங்கலத்தில் இருக்கிற பெரியப்பா மகனுக்கு ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல நீளக் குழாயாகத் தைத்துவிடுவார்கள். வாசல் தசை அப்படியே இருக்கும். டம்பிங் அவனுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது. அவனுடைய பாடு வேறு: எதுக்களிப்பு. குழாய் ஒடுக்கம், உள்ளே அழுத்தம் அதிகம், படுத்தால் புளிப்பு தொண்டைக்கு ஏறுகிறது.

ஒரே வீட்டுச் சமையல் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அக்காவுக்கு எதில் இனிப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தம்பிக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான் என்பது முக்கியமாக இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கும் சூடாக இட்லியும் நாலு சட்னியும் கிடைக்கிற ஊர் இது. வேலை முடிந்து தாமதமாக வருகிறவன் அங்கே உட்காராமல் வருவது கஷ்டம்தான். ஆனால் ஏழரைக்குள் முடித்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் தலைப்பக்கம் கட்டிலை உயர்த்திப் படுக்கிறான். புளிக்குழம்பும் வெறும் வயிற்றுக் காபியும் நிறுத்திய பிறகு மாத்திரையும் குறைந்தது. அவன் கதை அவ்வளவுதான். அக்காவுக்குத்தான் ஒவ்வொரு வேளையும் யோசிக்க வேண்டியிருந்தது.

காலையில்: கஞ்சி, இட்லி, முட்டை

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்திருந்தார். சின்னக் கிண்ணத்துக்கு மேல் இறங்காத வயிற்றில் இது எப்படிப் போகும்? கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 30 கிராம் ராகி மாவில் காய்ச்சிய கஞ்சியில் புரதம் இரண்டு கிராம் சொச்சம். ஒரு இட்லியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு முட்டையில் 6 கிராம். கஞ்சியில் வயிறு நிறைந்துவிட்டால் அந்த வேளை வீண். புரதம் போதாமல் எடை வேகமாக இறங்கினால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரைகிறது. முடியும் கொட்டும். நாலாவது மாதத்தில் அக்கா தலைக்கு மல்லிகைப்பூ வைக்கப் போய், சடை எலிவால் மாதிரி ஆகிவிட்டதே என்று கண்ணாடி முன்னால் அழுத நாள் எனக்கு மறக்காது. அப்புறம் முளைத்துவிட்டது என்பது வேறு.

இட்லியைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். மெத்தென்று இருக்கும், வாசனை குமட்டாது, முதல் மாதங்களில் முட்டை வாடையே ஆகாது என்கிறவர்களுக்கு அது ஒரு துணை. ஆனால் தனியாகக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. அரை இட்லி, அதன் மேல் கரண்டியில் நிற்கிற அளவுக்குக் கெட்டியான பாசிப்பருப்பு. பருப்பை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் இட்லி. இப்படி மாற்றினோம்.

முட்டைதான் கடைசியில் வென்றது. அதிலும் செய்கிற விதம் இருக்கிறது. நன்றாக முறுக விட்ட ஆம்லெட் அக்காவுக்கு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. இரண்டு ஸ்பூன் பால் விட்டு அடித்து, கிண்ணத்தோடு இட்லிப் பானையில் வைத்து அவித்தால் கட்டித் தயிர் மாதிரி வரும். சீரகமும் மிளகும் தட்டிப் போட்டால் போதும். டீ ஸ்பூனில் எடுத்து, வாயிலேயே கூழாக்கி, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுவாள். எடுத்துப் போட்டு நகர்ந்துவிடக்கூடிய வேலையில்லை இது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவா, மெதுவா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அம்மாவின் ராகியை மொத்தமாகத் தள்ளவும் மனம் வரவில்லை. ராகியில் கால்சியம் நிறைய இருக்கிறது என்பதும் உண்மை. அதனால் கருப்பட்டியும் பாலும் இல்லாமல், உப்புப் போட்டுக் கெட்டியாகக் கிண்டி, ஆறியபின் கொஞ்சமாக மோர் விட்டுப் பிசைந்து, ஸ்பூனில் சாப்பிடுகிற மாதிரி செய்தோம். அரைக் கிண்ணம்தான், அதுவும் முட்டைக்குப் பிறகு. அதில் படபடப்பு வரவே இல்லை. இனிப்பு போய்க் கெட்டியும் ஆனதால் கீழே இறங்குகிற வேகம் குறைந்துவிட்டது.

மதியம்: இலையின் வரிசையை மாற்றுவது

நமக்குச் சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் வெஞ்சனம். "என்ன வெஞ்சனம்?" என்றுதான் கேட்போம். ஆபரேஷனுக்குப் பிறகு வெஞ்சனம்தான் சாப்பாடு. மீனோ பருப்போ பன்னீரோ முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில், அதுவும் இடம் இருந்தால். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. குழைந்த சோறு சுலபமாக இறங்கும் என்று நினைத்தோம். அது பசை மாதிரி உருண்டு அக்காவுக்கு அடைத்தது. உதிரியாக இரண்டு ஸ்பூன் என்றால் போகிறது. புது பிரெட்டும் மெத்தென்ற சப்பாத்தியும் இதே கதைதான்.

கறியில் எது என்று கேட்டால், மீன். 50 கிராம் வெந்த மீனில் 10 கிராம் அளவுக்குப் புரதம், கை பட்டால் உதிர்கிற சதை. முள் இல்லாத துண்டாக, புளி குறைத்து, எண்ணெய் மிதக்காமல் வைத்தால் நன்றாக இறங்குகிறது. நம் பக்கத்து அயிரை மீன் குழம்புக்கு அக்கா உயிரை விடுவாள். ஆனால் அதன் புளிப்பும் காரமும் முதல் ஆறு மாதத்துக்கு ஆகாது என்று நிறுத்திவைத்தோம். இப்போது கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள்.

கோழியைக் கொத்துக்கறியாக்கிக் குழம்பில் ஊறவிட்டால் சரி. உலர்ந்த வறுவல் வேண்டாம். ஆட்டுக்கறியில்தான் நாங்கள் பட்டோம். மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசைக்கு ஒரே ஒரு துண்டு. நார் நாராக இருந்ததை மெல்லாமல் விழுங்கிவிட்டாள். நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்றது, வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது, குனிந்து துப்பிக்கொண்டே இருந்தாள். வாந்தியில் வெளியே வந்தபிறகுதான் உயிர் வந்தது. அப்படி அடைக்கும்போது தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பது தப்பு, மேலே போய்க் கட்டிக்கொள்ளும். எழுந்து நடக்கலாம், காத்திருக்கலாம். அடிக்கடி அடைக்கிறது என்றாலோ, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி. இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். அதைப் பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

சைவ வீட்டார் கேட்பார்கள். 50 கிராம் பன்னீரில் 9 கிராம், கெட்டிப் பருப்பு, துணியில் கட்டி வடித்த தயிர், முளைகட்டிய பாசிப்பயறு வேகவைத்து மசித்தது. சாத்தியம்தான், ஆனால் பெரும்பாலும் ஒரு வேளையாவது புரதப் பவுடரின் துணை வேண்டியிருக்கும்.

தண்ணீர்ப் பழக்கத்தை மாற்றுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டோடு குடித்தால் சாப்பாடு அலம்பிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும், இருக்கிற இடமும் நிறைந்துவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். நாற்பது வருடம் இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைத்துச் சாப்பிட்டவள் அக்கா. ஒவ்வொரு வாய்க்கும் அவள் கை தானாக வலது பக்கம் போய்த் துழாவும், அங்கே ஒன்றும் இருக்காது. மூன்று வாரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு வெளியே ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை போக வேண்டும். ஒரே மூச்சில் முடியாது என்பதால், மடியில் ஒரு பாட்டிலோடு நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தாள்.

பால், மோர், பவுடர்

பைபாஸுக்குப் பிறகு பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. பாலில் இருக்கிற லாக்டோஸ் செரிக்காமல் கீழ்க்குடலுக்குப் போய்ப் புளித்து, உப்புசம், சத்தம், பேதி. தயிரில் அந்த லாக்டோஸில் ஒரு பங்கை உறை பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. அதனால் பால் ஆகாத அக்காவுக்குத் தயிர் ஆயிற்று. 100 கிராம் தயிரில் புரதம் மூன்று நாலு கிராம்தான். வடித்துக் கெட்டியாக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் உப்புப் போட்டு இடைவேளையில் குடிக்கக் கொடுப்பேன்.

பவுடரில் தெரியாமல் முதலில் வாங்கியது வயிற்றை ஊதவைத்தது. அப்புறம் விசாரித்ததில், பால் புரதத்தில் செய்கிற வே பவுடரிலேயே கான்சன்ட்ரேட், ஐசோலேட் என்று இரண்டு உண்டு, இரண்டாவதில் லாக்டோஸ் மிகக் குறைவு என்று தெரிந்தது. விலை கையைக் கடிக்கும். முதல் இரண்டு மூன்று மாதம், கெட்டியாக எதுவும் இறங்காத காலத்தில், அது இல்லாமல் கணக்குத் தேறாது என்பது என் முடிவு. முட்டையும் மீனும் ஒழுங்காகப் போக ஆரம்பித்த பிறகு நிறுத்திவிட்டோம். பொட்டுக்கடலை மாவை மோரில் கலக்கிக் கொடுக்கலாம், மலிவு, ஆனால் காற்று சேர்கிறவர்களுக்கு ஒரு ஸ்பூனில் தொடங்குவது நல்லது.

காற்று என்றதும் நம் ஊர்க்காரர்கள் சோடாவைத்தான் தேடுவார்கள். கறிச்சோறுக்குப் பிறகு கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் செரித்துவிட்டது என்று ஒரு எண்ணம். சின்ன இரைப்பையில் அந்தக் காற்று உள்ளேயே விரிந்து வலிக்கும். மாமா பாசத்தோடு வாங்கிவந்த பன்னீர் சோடாவில் அக்கா ஒரு மணி நேரம் துடித்தாள். ஓமத்தைக் கொதிக்கவைத்த தண்ணீரோ வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரோ இதமாக இருந்தது. வயிற்று வலி, தலைவலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். புரூஃபென், டைக்ளோ வகை மாத்திரைகள் பைபாஸ் செய்த வயிற்றில் புண்ணாக்கும்.

மலச்சிக்கலுக்கு எது?

தண்ணீரும் குறைவு, சாப்பாடும் குறைவு, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. கட்டாமல் என்ன செய்யும்? இசப்கோல், கீரை, பழம், பேதி மருந்து என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இசப்கோல் நல்லதுதான், ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்க முடிகிறவர்களுக்கு. குடிக்க முடியாதவருக்கு அது உள்ளே களியாகி அடைத்துவிடும். அக்கா ஒன்றரை லிட்டரைத் தொட்ட பிறகுதான் டாக்டர் அனுமதித்தார். அதுவரை காம்பு நீக்கிக் கடைந்த சிறுகீரையும், விதை நீக்கி மசித்த பப்பாளியும். விளக்கெண்ணெய் வேண்டாம், ஏற்கெனவே நீர் குறைந்த உடம்பிலிருந்து இன்னும் நீரை எடுத்துவிடும்.

இரும்பு மாத்திரையில் மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, துர்நாற்றத்தோடு, கூடவே கிறுகிறுப்பும் இருந்தால் அது ரத்தம், அன்றே போக வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடும் இரும்பு ஆகாது. வயிறு சரியாகிவிட்டது என்று வைட்டமின்களை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். பைபாஸ் என்றால் பி12 ஆயுள் முழுக்க.

வெளியே போகும்போது

ஜிகர்தண்டா இல்லாத மதுரையா என்று அக்காவே கேட்பாள். அதில் டம்பிங்குக்குக் காரணம் பாதாம் பிசின் இல்லை. நன்னாரி சர்பத்தும் சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும்தான் டம்பிங்குக்கு அழைப்பு. பருத்திப்பால் உடம்புக்கு நல்லது என்று கொடுப்பார்கள், சுக்கும் ஏலமும் மணக்கும், ஆனால் அதிலும் இருப்பது கருப்பட்டியோ வெல்லமோதான். என் கணக்கில் ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் ஒன்றுதான். இளநீர் அவ்வளவு இனிப்பில்லை, அரை டம்ளரைப் பத்து நிமிடமாகக் குடித்தால் அக்காவுக்கு ஒன்றும் செய்வதில்லை. பரோட்டா சால்னா தின்றால் இவளுக்கு எண்ணெய் மிதக்கிற பேதி. அதை விட்டுவிட்டாள்.

போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக வந்தாள். அந்த வெயிலிலும் கூட்டத்திலும் நீர் குறைந்தால் இவளுக்கு மயக்கம் வந்துவிடும், அதனால் எனக்குப் பயம். பந்தலுக்குப் பந்தல் பானகமும் நீர்மோரும் கொடுக்கிறார்கள். பானகம் வெல்லத் தண்ணீர், சாமி பிரசாதம் என்று வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்துவிட்டாள். மோரைத் தன் பாட்டிலில் ஊற்றித் தரச் சொன்னாள். "ஒரு டம்ளர் மோருக்கு எதுக்குத்தா பாட்டிலு?" என்று பந்தலில் இருந்த பெரியவர் கேட்டார். "மெதுவாத்தான் குடிக்கணும்யா, இது மதியம் வரைக்கும் வரும்" என்றாள்.